கிளியர்ஃபில் எஸ்இ பாண்ட்: நான்கு வருஷம் கழித்து

"தம்பி, நீங்க அடைச்சது வாய் கொப்பளிக்கும்போதே விழுந்திடுச்சு" என்று ஒரு பெரியவர் பேப்பரில் மடித்து எடுத்துவந்து மேஜையில் வைத்தார். நொய்யரிசி அளவுக்கு ஒரு துண்டு. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கிறது, பல்லில் பிடிக்கவே இல்லை. ஃபில்லிங்கைப் பல்லில் ஒட்டவைக்க அப்போது என் கிளினிக்கில் இருந்தது அசிட்டோன் கலந்த ஒற்றை பாட்டில் பசை. மூடியைத் திறந்து வைத்தால் அசிட்டோன் பறந்துவிடும். எட்ச் செய்து, அதாவது அமிலத்தால் பல்லை லேசாக அரித்து, கழுவியபின் பல்லின் உள்ளடுக்கான டென்டின் அதிகம் காய்ந்தாலும் போச்சு, ஈரம் மிஞ்சினாலும் போச்சு.

அப்புறம்தான் குராரே கம்பெனியின் இரண்டு பாட்டில் பசையான கிளியர்ஃபில் எஸ்இ பாண்டுக்கு மாறினேன். பெரியவரின் பல்லையும் இதை வைத்தே மறுபடி அடைத்தேன். இன்னும் நிற்கிறது.

எங்கள் ஊரில் ஈறோரத் தேய்மானம் ஏராளம். முரட்டு பிரஷ்ஷால் குறுக்கே இழுப்பவர்கள், செங்கல் பொடியை விடாதவர்கள். அந்தப் பள்ளத்தில் ஃபில்லிங் மாட்டிக்கொண்டு நிற்க ஒரு மூலைகூட இருக்காது. பசை ஒன்றுதான் கதி. அதனால்தான் ஆய்வாளர்களும் பசையை அங்கே வைத்துச் சோதிக்கிறார்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகக் குழு இதே பசையை 13 வருஷம் பின்தொடர்ந்தது. கழன்று விழுந்தவை மிகச் சில.

முதல் பாட்டிலான பிரைமரை 20 விநாடி தடவி, கழுவாமல் காற்றடித்து, இரண்டாவது பாட்டிலான பாண்டைப் பூசி, அது இறுக 10 விநாடி லைட் அடித்தால் வேலை முடிந்தது. இந்தப் பசையிலுள்ள எம்டிபி என்ற வேதிப்பொருள் பல்லின் கால்சியத்தையே பற்றிக்கொள்கிறது. கழுவும் வேலை இல்லாததால் 'ஈரம் போதுமா' என்ற ஜோசியமும் இல்லை. அடைத்த மறுநாள் "ஐஸ்தண்ணி கூசுது டாக்டர்" என்று வரும் போனும் குறைந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. இதன் அமிலம் மென்மையானது, பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலை அவ்வளவாக அரிக்காது. எனாமலுக்குத் தனியாக பாஸ்பாரிக் அமிலம் வைத்த பற்களில் ஓரக் குறைகள் குறைவு என்று லூவன் ஆய்வே சொல்கிறது. நானும் எனாமல் ஓரத்தில் மட்டும் 37% ஜெல்லை 15 விநாடி வைத்துக் கழுவிவிட்டுத்தான் பிரைமரை எடுக்கிறேன். வெற்றிலை போடுபவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பாட்டில்களை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும்; கரண்ட் போகும் மே மாதத்தில் இது ஒரு தொல்லை. ஒருமுறை என் உதவியாளர் பிரைமருக்குப் பதில் பாண்டை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து பிரைமர் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். விலை கொஞ்சம் கடிக்கும். பிரைமர் 6 மில்லி, பாண்ட் 5 மில்லிதான், எண்ணித்தான் சொட்ட வேண்டும்.