நான்கு சிப் கார்டா, ஒற்றைச் சிப் கார்டா? ஏழு வருடம் இரண்டையும் ஓட்டிய அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போனில் கேட்டான். "லேப்டாப்பில் செருகுகிற எக்ஸ்பிரஸ்கார்டு டி.எஸ்.பி. ஒன்று மலிவாக வருகிறது. உன் டெஸ்க்டாப்பில் இருக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு அளவுக்கு இது இழுக்குமா?" பாட்டு மிக்ஸ் செய்யும்போது ஒலியைச் சீராக்குகிற வேலையைக் கம்ப்யூட்டரிடமிருந்து வாங்கிச் செய்யும் சிப்கள் (டி.எஸ்.பி.) உள்ள கார்டுகள் இவை. இரண்டுமே என்னிடம் ஏழு வருடமாக இருக்கின்றன. ஒரே கம்பெனி, உள்ளே இருப்பதும் ஒரே சிப்தான். பெரியதில் நான்கு, சின்னதில் ஒன்று. "நாலில் ஒரு பங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அது முழுப் பதில் இல்லை என்பது அப்புறம் உறுத்திக்கொண்டே இருந்தது.

கார்டைச் செருகுகிற ஸ்லாட்டின் வேகம்தான் கார்டின் பலம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழைய பிசிஐ வினாடிக்கு 133 மெகாபைட், அதையும் எல்லாக் கார்டுகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒரு லேனுக்கு (தரவு போகிற பாதை), ஒரு திசைக்கு 250 மெகாபைட். எக்ஸ்பிரஸ்கார்டுக்குக் கிடைப்பது அப்படி ஒரே ஒரு லேன். ஆனால் 44.1 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளப்பது) 32 பிட் மோனோ டிராக், அதாவது ஒற்றை ஒலித்தடம், ஒன்றுக்கு வினாடிக்கு 176 கிலோபைட்தான் தேவை. நூறு டிராக்கை அனுப்பித் திரும்ப வாங்கினாலும் ஒரு திசைக்கு 18 மெகாபைட்டைத் தொடாது. ஆக, ஸ்லாட் எங்கேயும் திணறுவதில்லை. 34 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள எக்ஸ்பிரஸ்கார்டில் எத்தனை சிப்பை வைக்க முடியும், அந்தச் சூட்டை எப்படி வெளியேற்ற முடியும் என்பதுதான் கணக்கு. டெஸ்க்டாப்பில் அந்த நெருக்கடி இல்லை. 2011-ல் அவிட் கம்பெனி கொண்டுவந்த எச்டிஎக்ஸ் ஆடியோ கார்டு ஒன்றிலேயே 18 டி.எஸ்.பி. சிப்கள் இருந்தன.

சரி, நான்கு சிப் என்றால் நான்கு மடங்கா? இங்கேதான் ஏழு வருடமாக எனக்கு எரிச்சல். ஒரு பிளக்-இன், அதாவது ஒலியை மாற்றுகிற சின்ன மென்பொருள், முழுதாக ஒரே சிப்பில் உட்கார வேண்டும். பாதியை இங்கேயும் பாதியை அங்கேயும் வைக்க முடியாது. மிக்ஸ் தொடங்கும்போது எல்லா டிராக்கிலும் ஈக்யூ (சுருதி வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரஸர் (ஏற்ற இறக்கத்தை அடக்குவது) என்று சின்னச் சின்னதாகப் போட்டுக்கொண்டே போவேன். கார்டு அவற்றை நான்கு சிப்பிலும் சமமாகப் பரப்பி வைக்கும். ஒவ்வொன்றும் 65 சதவீதம் நிறைந்திருக்கும். கடைசியில் பாடகியின் குரலுக்கு ஒரு சிப்பில் 40 சதவீதம் கேட்கிற பிளேட் ரிவெர்ப் (எதிரொலி தருகிற பிளக்-இன்) ஒன்றைப் போட்டால் இடமில்லை என்று வந்து நிற்கும். மொத்தமாகப் பார்த்தால் ஒரு சிப்புக்கும் மேலே, 140 சதவீதம், காலியாகக் கிடக்கிறது. ஆனால் எந்தச் சிப்பிலும் 35-க்கு மேல் இல்லை. திரையில் உள்ள மீட்டரோ சராசரியை மட்டும் காட்டிக்கொண்டு 65-ல் நிற்கிறது. பாட்டு நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் இப்படி நின்றால் வருகிற கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. எந்தச் சிப்பில் எவ்வளவு மிச்சம் என்று நான்கு கோடுகளாகக் காட்டியிருக்கலாம். கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன், பதில் வரவில்லை.

செஷனை, அதாவது அந்தப் பாட்டின் மிக்ஸ் கோப்பை, சேமித்து மூடித் திறந்தால் சில நேரம் புதிதாக அடுக்கிக்கொண்டு இடம் தரும். அதைவிட நல்லது, பெரிய ரிவெர்பையும் பழைய டேப் ஒலியைத் தருகிற பிளக்-இன்னையும் முதலிலேயே போட்டுவிட்டு, அப்புறம் இடுக்குகளில் ஈக்யூக்களை நிரப்புவது. இந்த ஒழுங்கு பழகிய பிறகு பெரிய கார்டு உண்மையாகவே கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேலை செய்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. 96 கிலோஹெர்ட்ஸ் செஷனில் பெரும்பாலான பிளக்-இன்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தின்னும். அங்கே ஒற்றைச் சிப் கார்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

லேட்டன்சியில், அதாவது ஒலி தாமதமாவதில், இரண்டும் ஒன்றுதான். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் (ஒரு தடவையில் சேர்த்து அனுப்புகிற ஒலித் துண்டு) என்றால் 11.6 மில்லி வினாடி, கார்டுக்குப் போய்வர அதற்கு மேலும் கூடும். மிக்ஸிங்கில் மென்பொருளே அதை ஈடுகட்டிவிடும்.

சின்ன கார்டில் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம், அதன் மீட்டர் உண்மையைச் சொல்வது. ஒரே சிப் என்பதால் 35 மிச்சம் என்றால் அந்த 35-ம் அப்படியே கைக்கு வரும். இரண்டு ரிவெர்ப், பாடல் குரலுக்கு ஒரு கம்ப்ரஸர், மிச்சத்தில் ஈக்யூ. அவ்வளவுதான் என்று தெரிந்தபின் எது அவசியம் என்று காது தானாகவே தேட ஆரம்பித்தது. என் நல்ல மிக்ஸ்கள் பலவும் அதில் வந்தவை. ஆனால் ஸ்லாட்டில் திருகு கிடையாது. லேப்டாப் லேசாக இடிபட்டால் கார்டு நழுவும், பிளக்-இன் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துபோகும். இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

பலம் வேண்டுமென்றால் பெரிய கார்டுதான், அதில் சந்தேகமே இல்லை. இருந்தும் நேற்று நண்பனைக் கூப்பிட்டு, சின்னதை வாங்கு என்றுதான் சொன்னேன். முந்தின ராத்திரிதான் மறுபடியும் அந்த 65-ல் மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் பாதியில் விட்டிருந்தேன். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்: 15 அங்குல மேக்புக் ப்ரோவில் 2009-லேயே இந்த ஸ்லாட்டை எடுத்துவிட்டு எஸ்.டி. கார்டுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அவன் லேப்டாப்பில் ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும்.