க்ளைபரின் ஏழாவது: எட்டு நிமிடம் தங்கம், கடைசிச் சுண்டு மட்டும்…

"பீத்தோவன் ஏழாவது சிம்ஃபனிக்கு ஒரே ஒரு பதிவு வாங்கணும். எல்லாரும் க்ளைபர் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?" நண்பர் கேட்ட கேள்வி இது. வாங்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நடத்துநர் கார்லோஸ் க்ளைபர், வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு 1975-76இல் டாய்ச் கிராமஃபோன் என்ற இசை நிறுவனத்துக்குப் பதிவு செய்தது. 1974இல் அதே குழுவோடு செய்த ஐந்தாவதையும் சேர்த்து ஒரே வட்டில் கிடைக்கிறது. ஐந்தாவதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பேச்சு முழுக்க ஏழாவதைப் பற்றி, அதிலும் இரண்டாம் பகுதியான அலெக்ரெட்டோவைப் பற்றி.

முதலில் ஒரு கண்ணி. பதிவுகளை ஒப்பிடும்போது பலரும் உறையின் பின்புறம் உள்ள நிமிடக் கணக்கைப் பார்த்து "இவர் வேகம், அவர் மெதுவு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஏழாவதின் முதல் பகுதி க்ளைபரிடம் 13 நிமிடம் 36 விநாடி. இன்னொரு நடத்துநரான கராயனின் 1962 பெர்லின் பதிவில் அது சுமார் இரண்டு நிமிடம் குறைவு. அப்படியானால் கராயன் வேகமா? இல்லை. ஸ்கோரில் (இசை எழுதிய பிரதியில்) கருப்பொருள்களை அறிமுகம் செய்யும் துண்டைத் திரும்ப வாசிக்கச் சொல்லும் குறி இருக்கிறது. க்ளைபர் அதற்குக் கட்டுப்படுகிறார், கராயன் தாண்டிப் போகிறார். மறுவாசிப்பு இருக்கிறதா என்று தெரியாமல் முதல் பகுதியின் நேரத்தையோ கடைசிப் பகுதியின் நேரத்தையோ ஒப்பிடுவது வீண். அலெக்ரெட்டோவில் அந்தத் தொல்லை இல்லை. அதில் திரும்பவாசிப்பே கிடையாது; அதனால் நேரமே டெம்போவை, அதாவது வேகத்தை, சொல்லிவிடும்.

கணக்குப் போடலாம். அலெக்ரெட்டோ 278 பார் (தாளச் சுற்று), பாருக்கு இரண்டு பீட் (தட்டு), மொத்தம் 556 பீட். 1817இல் பீத்தோவன் தன் முதல் எட்டு சிம்ஃபனிகளுக்கு மெட்ரோனோம் எண்களை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கை) வெளியிட்டார். இந்தப் பகுதிக்கு அவர் கொடுத்தது 76. அந்த எண்ணில் நூல் பிடித்தாற்போல் வாசித்தால் 7 நிமிடம் 19 விநாடியில் முடிந்துவிடும். க்ளைபர் எடுத்துக்கொள்வது 8 நிமிடம் 9 விநாடி, சராசரி 68. பழைய மரபில் வந்தவர்கள் பத்து நிமிடம் எடுப்பார்கள். அது 56க்குக் கீழே.

76க்கும் 56க்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றினால், கைபேசியில் ஒரு மெட்ரோனோம் செயலியை 76இல் ஓடவிட்டு மேசையில் தட்டிப் பாருங்கள்: நெடில், குறில் குறில், நெடில், நெடில். முழுப் பகுதியும் இந்த ஒரே அச்சில் வார்த்ததுதான். 76இல் அது நடை. கால் தானாக அடுத்த அடி வைக்கிறது. எண்ணை 56க்கு இறக்குங்கள். கடைசி இரண்டு நெடிலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப, வயலினை விடத் தாழ்ந்து ஒலிக்கும் வயோலாக்களும் செல்லோக்களும் ஒலியை இழுத்துப் பிடிக்கிறார்கள். இழுத்ததும் நடை ஊர்வலமாகிறது, ஊர்வலம் சவ ஊர்வலமாகிறது. அலெக்ரெட்டோ என்ற சொல்லுக்குப் பொருள் 'சற்றே துரிதம்'. அதை யாரோ ஒருவர் இரங்கற்பா என்று முடிவு செய்ய, பின்னால் வந்தவர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1813 டிசம்பர் 8, வியன்னாவில் முதல் அரங்கேற்றம், காயம்பட்ட போர்வீரர்களுக்கான நிதிக் கச்சேரி. அன்று கூட்டம் 'இன்னொரு முறை' என்று கேட்டு வாங்கியது இந்தப் பகுதியைத்தான்.

மெதுவாக வாசித்தால் முதலில் கெடுவது தொடக்கமல்ல. தொடக்கம் எந்த வேகத்திலும் அழகாகத்தான் இருக்கும். கெடுவது நடுவில். கிளாரினெட், பாசூன் என்ற காற்றுவாத்தியங்கள் ஒளி கூடிய ஏ மேஜர் சுரவரிசையில் பாட வரும் இடத்தில் வயலின்கள் மும்மூன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். 56இல் அந்தச் சுற்று நின்றுவிடும் என்று தெரிந்து, பல நடத்துநர்கள் அங்கே மட்டும் சத்தமில்லாமல் வேகத்தைக் கூட்டுகிறார்கள். பிறகு தொடக்கத்தின் இருண்ட மைனருக்குத் திரும்பும்போது பிரேக் போட வேண்டும். அடுத்து, ஸ்ட்ரிங்ஸ் (வில் வாத்தியங்கள்) மட்டும் மிக மெல்லிய ஒலியில் ஒரே மெட்டோடு ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் ஃப்யூக் இருக்கிறதே, அதில் பதினாறாம் நோட்டுகள் (பீட்டுக்கு நான்கு) வேகம் குறைந்தால் விரல் பயிற்சி மாதிரிக் கேட்கும். க்ளைபரிடம் அது கிசுகிசுப்பாக ஓடுகிறது. மேஜர் வரும்போது அவர் வேகத்தைத் தொடுவதே இல்லை. தொட வேண்டிய தேவையும் இல்லை, முதல் பாரிலேயே சரியான இடத்தில் தொடங்கிவிட்டார்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நடத்துநர் ஃபூர்ட்வாங்லரின் 1943 பெர்லின் பதிவு பத்து நிமிடத்தை ஒட்டி ஓடுகிறது. என் வாதப்படி அது விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அவர் ஒரே டெம்போவில் இழுப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தை ஏற்றி, அந்த ஏற்றத்தாலேயே நகர்த்துகிறார். அவரைப் பார்த்து வேகத்தை மட்டும் காப்பியடித்தவர்கள்தான் குற்றவாளிகள்.

க்ளைபரின் இன்னொரு சிறப்பு ஹெட்ஃபோனில்தான் முழுதாகத் தெரியும். முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம் எதிரெதிராக உட்காருகிறார்கள். அலெக்ரெட்டோவில் தாழ்ந்த ஸ்ட்ரிங்ஸ் முதலில் சொல்லும் அந்த அச்சை இரண்டாம் வயலின்கள் வலப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கீழே வயோலாவும் செல்லோவும் எதிர்ப்பாட்டுப் பாடும். அடுத்த சுற்றில் அச்சு இடப்பக்கத்து முதல் வயலின்களுக்கு, எதிர்ப்பாட்டு வலப்பக்கத்துக்கு. எல்லா வயலின்களையும் இடப்பக்கமே அடுக்கிய பதிவுகளில் இந்தக் கைமாற்றம் வெறும் சத்தக் கூடுதலாகத்தான் காதில் விழும். கடைசிப் பகுதியில் இரண்டு பக்கமும் பந்து எறிந்து விளையாடுவது போல் இருப்பதும் இதனால்தான்.

இனி வயிற்றெரிச்சல். அலெக்ரெட்டோ முடியப் போகிறது. அச்சு துண்டு துண்டாக உடைந்து வாத்தியத்துக்கு வாத்தியம் இறங்குகிறது. ஸ்ட்ரிங்ஸ் வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். அச்சுப் பிரதியில் கடைசி வரிக்கு 'ஆர்கோ' என்று இருக்கிறது, அதாவது வயலின்கள் மறுபடி வில்லை எடுக்க வேண்டும். அந்த வில்லொலிதான் கையைப் பிடித்து, பகுதியைத் தொடங்கி வைத்த அதே காற்றுவாத்திய ஏ மைனர் கார்டிடம் (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) கொண்டுபோய் விடும். க்ளைபர் வில்லை எடுக்க விடுவதில்லை. கடைசிவரை சுண்டுதான். டொக், டொக், பிறகு கார்டு. முடிந்தது.

இது பிழையில்லை, தெரிந்தே செய்தது. அவர் அப்பா எரிக் க்ளைபரும் இப்படித்தான் முடித்தார். அந்த 'ஆர்கோ' இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று ஐயப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் வாதம் கேட்கக் கேட்கச் சரியாகவே படுகிறது: எட்டு நிமிடம் கண்ணீரில்லாமல் நடத்திவிட்டு, கடைசி நொடியில் மட்டும் வில்லைப் போட்டு ஏன் உருக வேண்டும்? ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காது ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடம் நெருங்கும்போது 'இதோ வரப்போகிறது' என்று உடம்பு முன்கூட்டியே சுருங்கிக்கொள்கிறது. சுண்டுகிற சில விநாடிகளுக்காக, அதற்கு முந்தைய அரை நிமிடமும் கெட்டுப்போகிறது.

இதில் செயலிகள் வேறு. பாட்டு செயலியில் கிராஸ்ஃபேட் (ஒன்று மறையும்போதே அடுத்தது கலந்து வருவது) ஐந்து விநாடிக்கு இருந்தால் அந்தச் சுண்டின் மேலேயே மூன்றாம் பகுதியின் பிரெஸ்டோ வந்து விழும். க்ளைபர் என்ன செய்தார் என்பதே தெரியாது. அதை நிறுத்திவிட்டு, இடைவெளியில்லாத பிளேபேக்கை ஆன் செய்யுங்கள். ஐந்தாவதில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதுக்குள் பாய்வதால் அங்கேயும் இது தேவை. ஒலியளவைச் சமன்செய்யும் வசதி 'டிராக்' என்று இருந்தால், மெல்லிய அலெக்ரெட்டோவைத் தனியாகத் தூக்கி மற்ற பகுதிகளோடு சமமாக்கிவிடும். 'ஆல்பம்' என்று மாற்றுங்கள், இல்லையேல் அணைத்துவிடுங்கள்.

மற்ற பகுதிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மூன்றாம் பகுதியின் ட்ரியோவுக்கு (நடுவே வரும் இடைப்பகுதிக்கு) பீத்தோவனின் எண் 84. அதைக் கோயில் மணி போல் பாதி வேகத்தில் முழக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. நடத்துநர் டோஸ்கனினி 1936இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு அதை உடைத்தார். க்ளைபர் அந்த வழி. ட்ரியோ இரண்டு முறை வரும் என்பதால், மெதுவாக வாசித்தால் இரண்டு முறை உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். முதல் பகுதியின் விவாச்சேவில் (மெதுவான முன்னுரைக்குப் பின் வரும் வேகமான பகுதியில்) பீட்டுக்கு மூன்று கூறு. அதில் நடுவில் உள்ள குட்டி நோட்டு களைத்துப்போன குழுக்களிடம் நசுங்கி, மூன்றுக்குப் பதில் இரண்டாகக் கேட்கும். வியன்னாக்காரர்கள் கடைசிவரை நசுக்கவில்லை. இதைச் சோதிக்கப் பகுதியின் தொடக்கத்தைக் கேட்காதீர்கள், கடைசி ஒரு நிமிடத்தைக் கேளுங்கள். எந்தப் பதிவுக்கும் இதே சோதனைதான்.

சரி, வாங்கலாமா? ஒரே பதிவுதான் என்றால் நடத்துநர் ரிக்கார்டோ ஷாய், லைப்ஸிக் கெவாண்ட்ஹவுஸ் குழுவோடு டெக்காவுக்குச் செய்து 2011இல் வந்த தொகுப்பை எடுங்கள். மெட்ரோனோம் எண்களை மதிக்கிறார், ஒலி துல்லியம், ஒன்பது சிம்ஃபனியும் ஒரே பெட்டியில். இவ்வளவு நேரம் புகழ்ந்துவிட்டு க்ளைபரை இரண்டாவதாகத் தள்ளுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. ஷாயைக் கேட்டு முடித்ததும் கை மறுபடி க்ளைபர் வட்டைத்தான் தேடுகிறது. இன்று மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. நண்பரின் கேள்வி வரும் முன் நான் அலெக்ரெட்டோவை ஏழாவது நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் ஐந்து போட்டிருப்பேன்.