முகத்து முடிக்கு லேசர் பேக்கேஜ் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

என் வலது தாடையில் மூன்று பட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தீப்பெட்டியின் உரசும் பக்கம் அளவு. ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல ஒன்றின் கீழ் ஒன்று. 2024 ஆகஸ்டில் அடிப்பிடித்த பால் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தன. இப்போது வெளிறி, பவுடர் போட்டால் மறையும் அளவுக்கு வந்திருக்கின்றன. முகத்து முடியை லேசரில் எடுப்பதாக என்னிடம் 36,000 ரூபாய் வாங்கிய ஒரு கிளினிக்கில் பட்ட சூடு இது. இன்னொரு பெண்ணுக்கு நடக்கக் கூடாது என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் கிளினிக்கின் பெயரைச் சொல்லவில்லை. பல ஊர்களில் கிளை உள்ள நிறுவனம் என்பது மட்டும் போதும்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். தாடையிலும் தொண்டைப் பக்கமும் முடி எனக்குக் காலேஜ் நாளிலிருந்தே உண்டு. பத்து நாளைக்கு ஒரு முறை பார்லரில் திரெடிங். நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் அதற்கு முந்தின நாளும் ஓட வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால்கூட, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துத்தான் உட்காருவேன். "எட்டே சிட்டிங்கில் நிரந்தரத் தீர்வு" என்ற வரியைப் படிக்கும்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பது இதை அனுபவிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

2024 மே மாதம், பள்ளி லீவில், அம்மாவோடு போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எங்களைச் சின்ன அறைக்கு அழைத்துப் போய், கன்னத்தில் ஒரு கருவியை வைத்துப் படம் எடுத்து, அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அவ்வளவு பெரிதாக்கினால் யாருடைய தோலும் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. "இப்பவே ஆரம்பிக்கலைன்னா இன்னும் அடர்த்தியா ஆயிடும் மேடம்" என்றார். அம்மா அவரை "டாக்டரம்மா" என்றே கூப்பிட்டார், அவரும் திருத்தவில்லை. அவர் மருத்துவர் இல்லை, பேக்கேஜ் பேசி முடிக்கும் கவுன்சலர் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வரவேற்பறையில் பெயர் மாட்டியிருந்த மருத்துவர் சென்னையில் இருப்பவர். மாதம் ஒரு நாள் வருவாராம். அவரை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எட்டு சிட்டிங் 48,000. அன்றைக்கே கட்டினால் 36,000. கையில் அவ்வளவு இல்லை என்றதும் டேப்லெட்டை நீட்டினார்கள். ஆதார், பான், ஒரு ஓடிபி; செயலி வழிக் கடன், மாதம் 4,000 வீதம் ஒன்பது மாதம், வட்டி இல்லை என்றார்கள். அதே டேப்லெட்டில் இன்னும் இரண்டு இடத்தில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதில் ஒன்று சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். படிக்காமல் போட்டது என் தப்பு. ஆனால் அது என்ன படிவம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சூடு பட்டால் எனக்குத் தோல் கறுக்குமா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, இதில் ஒன்றைக்கூட அந்த அரை மணியில் யாரும் கேட்கவில்லை.

முதல் இரண்டு சிட்டிங்கும் ரப்பர் பேண்டால் சுண்டுவதுபோல இருந்தது, அவ்வளவுதான். முடி கொஞ்சம் உதிர்ந்தது. ஆனால் கழுத்துப் பக்கம், முன்பு வெறும் பூனை முடி இருந்த இடத்தில், கறுத்த முடி புதிதாக வருவதுபோல எனக்குத் தோன்றியது. சொன்னேன். "உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வருது மேடம், நல்லதுதான்" என்றார்கள்.

மூன்றாவது சிட்டிங் ஆகஸ்ட் நடுவில். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் காலையிலிருந்து மதியம் வரை வெயிலில் நின்றிருந்தேன். முகம் கறுத்துப் போயிருந்தது, பார்க்கிற யாருக்கும் தெரியும். அன்றைக்கு வேறு ஒரு பெண் வந்தாள், புதிதாகச் சேர்ந்தவள், இருபது வயது இருந்தால் அதிகம். இயந்திரமும் வேறு. "பழைய மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்குக்கா, இதுவும் அதேதான்" என்றாள். முதல் வெளிச்சம் பட்டதுமே பழுக்கக் காய்ந்த தோசைக் கரண்டியை வைத்ததுபோல இருந்தது. எரியுது என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா. பவர் கூட்டினாத்தான் ரிசல்ட் வரும்னு மேடம் சொல்லியிருக்காங்க." மூன்றாவது தடவை வைத்ததும் அவள் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டேன். கற்றாழை ஜெல் தடவி, இரண்டு நாளில் போய்விடும் என்று அனுப்பினார்கள். அன்று ராத்திரியே கொப்புளம் கட்டிவிட்டது.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என்ன நடந்தது என்பதைப் பின்னால் ஒரு தோல் மருத்துவர் எனக்குப் புரியவைத்தார். லேசர் முடியைத் தேடிப் பிடிப்பது அதன் கறுப்பை வைத்துத்தான். முடியில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடுகிறது. (நரைத்த முடிக்கு லேசர் வேலை செய்யாததற்கும் இதுதான் காரணம்.) அதே மெலனின் நம் தோலிலும் இருக்கிறது. தோல் நிறத்தை மருத்துவர்கள் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறு. நிறம் கூடக் கூட, முடிக்குப் போக வேண்டிய சூட்டை மேல்தோலே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி யாக் லேசர் பாதுகாப்பானது என்கிறார்கள். அது ஆழமாக இறங்கும், மேல்தோலில் குறைவாகச் சிக்கும். 810 நானோமீட்டர் டயோடு லேசரையும் அளவு பார்த்து, தோலைக் குளிரவைத்துக்கொண்டே செய்யலாம். எனக்குப் படிவத்தில் எழுதியிருந்தது டயோடு. அன்றைக்கு வைத்தது பெரும்பாலும் ஐ.பி.எல். ஆக இருக்கும் என்று பட்டைகளின் வடிவத்தைப் பார்த்து அந்த மருத்துவர் சொன்னார். ஐ.பி.எல். லேசரே கிடையாது. பல அலைநீளங்கள் கலந்து பளிச்சென்று அடிக்கும் விளக்கு. வெயிலில் கறுத்து வந்த முகத்தில் அதை, அதுவும் பவரைக் கூட்டி, வைத்திருக்கவே கூடாது.

அடுத்த தப்பு இன்னும் மோசம். கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் கிளினிக்குக்கு வரச் சொல்லி ஒரு ட்யூபைக் கையில் கொடுத்தார்கள். சீட்டு இல்லை, பில் இல்லை. "கறுப்பு விழாம இருக்க இது போடுங்க, காலைல ராத்திரி ரெண்டு வேளை." மூன்று வாரம் போட்டேன். முதலில் நன்றாக வெளுத்ததுபோல இருந்தது. ஒரு நாள் மறந்தால் கன்னமெல்லாம் சிவந்து மிளகாய் தடவினாற்போல எரியும், திரும்பப் போட்டால் அடங்கும். வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து, "மிஸ், உங்களுக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான், "காசு கொட்டினது போதும், ஜிஹெச் தோல் ஓபிக்கு வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. காலை ஏழரைக்குப் போய் வரிசையில் நின்று, பத்து மணி வாக்கில் மருத்துவரைப் பார்த்தோம். ட்யூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், மொமெடசோன் மூன்றும் கலந்த களிம்பு. மொமெடசோன் ஸ்டீராய்டு. "வெந்த புண்ணு மேல இதை யாரும்மா போடச் சொன்னது?" இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். முகத்தில் நாள் கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிய ஆரம்பித்து, நிறுத்தினால் பொங்கும். எனக்கு நடந்ததும் அதுதான். அதை நிறுத்தும் முறையைச் சொல்லிக்கொடுத்து, சன்ஸ்கிரீனும் வேறு மருந்தும் எழுதினார்.

எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "பீரியட்ஸ் மாசா மாசம் வருதாம்மா?"

எனக்கு இரண்டு மாதம், மூன்று மாதம்கூடத் தள்ளிப் போகும். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அனுப்பினார். பிசிஓஎஸ், அதாவது ஹார்மோன் சமநிலை தவறும் கோளாறு. தாடையில் முடி வந்ததற்குக் காரணமே அது. ஹார்மோனைக் கவனிக்காமல் மேலே மட்டும் லேசர் வைத்தால் முடி திரும்பித் திரும்பி முளைக்கும். என் மாதிரிப் பெண்களுக்குச் சில சமயம் லேசர் பட்ட இடத்தைச் சுற்றிப் பூனை முடி தடித்து வளர்வதும் உண்டாம். கழுத்துப் பக்கம் நான் பார்த்தது கற்பனை இல்லை. பத்து வருடமாகத் திரெடிங் செய்துகொண்டிருந்தவள், 36,000 ரூபாய் கட்டிய பிறகும், என் உடம்பில் என்ன குறை என்பதை ஐந்து நிமிட ஓபியில்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

லேசரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மருத்துவரும் சொல்லவில்லை. முடியைக் குறைக்கும், மெலிதாக்கும், இடையிடையே திரும்பச் செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்றார். "நிரந்தரம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் மருத்துவரைப் பாருங்கள். கன்சல்டேஷன் ஃபீஸ் தனியாகக் கட்டிப் பாருங்கள், ஐந்நூறோ எழுநூறோ ஆகட்டும். "ஃப்ரீ கன்சல்டேஷன்" என்றால் பெரும்பாலும் நாம் பார்ப்பது கவுன்சலரைத்தான். தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று ஏதாவது ஒன்று இருக்கும். காஸ்மெடாலஜி (அழகுக்கலை) டிப்ளமோ, ட்ரைகாலஜிஸ்ட் (முடி நிபுணர்) என்பதெல்லாம் அதற்கு ஈடாகாது. பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கிளினிக்குக்கும் தனியாகப் பதிவு உண்டு. தமிழ்நாட்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே வந்தது, விதிகள் 2018-ல். மாவட்டத்தில் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் கொடுக்கும் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். நான் போன இடத்தில் சுவர் நிறைய நடிகைகள் படம் இருந்தது. சான்றிதழைப் பார்த்த ஞாபகம் இல்லை, தேடவும் தோன்றவில்லை.

இயந்திரத்தின் பெயரைக் கேளுங்கள். என்ன லேசர், என்ன அலைநீளம், கையில் பிடிக்கப் போவது யார், அப்போது மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா. முதலில் காதுக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழோ சின்ன இடத்தில் வைத்துப் பார்த்து, சில நாள் பொறுத்துத்தான் முகத்தில் தொட வேண்டும். எனக்கு அதைச் செய்யவே இல்லை. உங்கள் அட்டையில் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் எத்தனை ஜூல் (எவ்வளவு சக்தி வைத்தார்கள் என்ற அளவு) என்று எழுதச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கவசம் போடாமல் ஆரம்பித்தால் விடாதீர்கள்.

முகத்தில் பள்ளத்தை நிரப்ப ஊசியில் ஏற்றும் ஃபில்லர் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் செத்துப் போகும், அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. ஹயலுரானிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அது அந்த அறையிலேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். மருந்துப் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, பேட்ச் எண் ஸ்டிக்கரை உங்கள் அட்டையில் ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தில் நான் பட்ட பாடு தனி. கடன் நிறுவனம் முழுத் தொகையையும் கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டதால், சிகிச்சையை நிறுத்தினாலும் தவணை நிற்கவில்லை. கட்டாவிட்டால் சிபில் கெடும். ஒன்பது மாதமும், சூடு வைத்த இடத்துக்கு நான் மாதம் 4,000 கட்டினேன். செயலி வழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, கடன் எடுத்ததும் அதற்கென்று தரும் சிறு அவகாசத்துக்குள் அசலையும் அந்த நாள்களுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். அது எனக்கு அப்போது தெரிந்திருந்தால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டாவது விட்டிருப்பேன்.

காயம் பட்டுவிட்டால் அன்றைக்கே படம் எடுங்கள், தேதியோடு, பகல் வெளிச்சத்தில். கிளினிக்கோடு வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள். கொடுத்த ட்யூபைத் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளில் இருக்கிறது. பணம் கட்டிப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டு வழி கேட்கலாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் பதிவுத் தபாலில் கேட்டதற்குக் கிளினிக் அனுப்பியது ஒரே ஒரு பக்கம். என் பெயர், மூன்று தேதிகள், ஸ்கேன் செய்து ஒட்டிய மருத்துவர் கையெழுத்து. இயந்திரம், அலைநீளம், ஜூல் என்ற மூன்று கட்டங்களிலும் ஒன்றும் எழுதவில்லை. "பக்க விளைவு" என்ற கட்டத்தில் மூன்றாவது தேதிக்கு நேரே "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அன்று ராத்திரி பத்தே முக்காலுக்கு நான் அவர்களுக்கு அனுப்பிய கொப்புளத்தின் படத்தையும் அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன்.