பெல்ட்டின் அடிப்பக்கம்: கோந்தா, டோகோனோலா, அக்ரிலிக்கா, லைனிங்கா?

பெரியமேட்டில் தோல் வாங்கி பெல்ட் செய்கிறவர்கள் மேல்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து மெருகேற்றுவார்கள். ராயபுரத்துக் கடற்காற்றிலும் வியர்வையிலும் நாள் முழுக்க ஊறிக் கிடப்பது என்னவோ அடிப்பக்கம்தான். அதன் பிசிறு ஈரத்தைக் குடிக்கும், சாயத்தை வெள்ளைச் சட்டையில் இறக்கும், ஐப்பசி மழையில் பூஞ்சை பூக்கும்.

எதைப் பூசுவது என்பதற்கு முன், தோல் எது என்று பாருங்கள். வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் பதனிட்ட தோல். என்ன தேய்த்தாலும் அதன் நார் படியாது. நேரே லைனிங்குக்கு, அதாவது அடியில் இன்னொரு தோல் ஒட்டித் தைப்பதற்குப் போய்விடுங்கள். லேசாக ஈரப்படுத்தி நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கிறதா? அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட பட்டைத் தோல். கீழே வரும் கோந்து வேலையெல்லாம் அதற்குத்தான்.

எதைப் பூசினாலும் முதலில் 220 எண், பிறகு 400 எண் உப்புத்தாள் போட்டுத் தூசியைத் துடைத்துவிடுங்கள். வயிற்றுப் பகுதியில் வெட்டிய தோலில் நார் தளர்வாக இருக்கும். அதை எந்தக் கோந்தும் காப்பாற்றாது.

மலிவு சி.எம்.சி. பவுடர் (கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ், தண்ணீரில் கரைத்தால் கோந்தாகும்). 250 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரைக் கலக்கிக்கொண்டே 5 கிராம் தூவி, ஓர் இரவு ஊறவிட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். மிச்சத்தை வெளியே வைத்தால் கெட்டு நாறும். பூசியதும் வழவழப்பு அருமையாக வரும், ஆனால் வியர்வை பட்டால் மறுபடி பிசுபிசுக்கும். ட்ரகாகாந்த் என்ற செடிப் பிசினில் செய்யும் கோந்துக்கும் இதே குறைதான். (நாட்டுமருந்துக் கடைப் பாதாம் பிசின் வேறு சரக்கு.)

டோகோனோல் என்பது தோலின் நாரைப் படியவைக்கும் ஜப்பானியப் பூச்சு, விலை கூடுதல். காய்ந்தபின் ஈரத்தை மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும் என்பதால், ஒற்றை அடுக்குப் பெல்ட்டுக்கு எங்கள் ஓட்டு இதற்கே. 40 மி.மீ. அகலம், 110 செ.மீ. நீளத்துக்கு ஒரு டீஸ்பூன் போதும். மெல்லப் பரப்பி, பளபளப்பு மங்கி விரலில் சற்றே ஒட்டும் பதத்தில் கண்ணாடியால் தேயுங்கள். கண்ணாடிக் கடையில் 10 மி.மீ. துண்டு வாங்கி ஓரத்தை மழுக்கச் சொன்னால் அதுவே கருவி. சொதசொதவென்று இருக்கும்போது தேய்த்தால் நார் உருண்டு திரளும். பலமாக அழுத்தினால் பெல்ட் நீண்டுவிடும். ஆகவே துளை போடுவது கடைசியில். சாயம் பூசுவது இதற்கு முன்னால். டோகோனோல் படிந்த இடத்தில் சாயம் ஏறாது, திட்டுத் திட்டாக நிற்கும்.

அக்ரிலிக் சீலர், அதாவது சாயம் கசியாமல் மூடும் பூச்சு, தேவைப்படுவது அடிப்பக்கமும் கருஞ்சாயம் பூசிய பெல்ட்டுக்கு. சம அளவு தண்ணீர் கலந்து, ஸ்பாஞ்சால் மெல்லிசாக இரண்டு பூச்சு. கெட்டியாகப் பூசினால் பக்கிள் மடிப்பில் வெடிக்கும். தேன்மெழுகை மட்டும் நம்பாதீர்கள், சித்திரை வெயிலில் இளகிச் சட்டையில் அப்பும்.

லைனிங் எல்லாவற்றையும்விட உழைக்கும், கூலியும் கூடும். 2.5 மி.மீ. மேல்தோல், 1.5 மி.மீ. உள்தோல் போதும். தட்டையாக வைத்து ஒட்டாதீர்கள். இடுப்பைச் சுற்றும்போது உள்தோலுக்கு ஏறக்குறைய 12 மி.மீ. நீளம் குறைவாகவே தேவை. அந்த மிச்சம் சுருக்கமாகப் புடைக்கும். மேல்தோல் வெளியே இருக்கும்படி வளைத்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, பசை இறுகியபின் தைத்து, மிஞ்சும் நுனியை அப்புறம் வெட்டுங்கள்.