கப்பலில் இரவுச் சாப்பாடு: முன்பே பதிவு செய்வதா, அன்றைக்குப் பார்த்துக்கொள்வதா?

க்ரூஸ், அதாவது உல்லாசக் கப்பல் பயணம், கிளம்ப இன்னும் மாதக்கணக்கில் நாள் இருக்கும்போதே கப்பல் நிறுவனத்தின் ஆப் நச்சரிக்க ஆரம்பித்துவிடும். இரவுணவுக்கு இப்போதே இடம் பிடியுங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும், இன்று மட்டும் தள்ளுபடி என்று ஒரே ஓட்டம். பல வருடங்களாக வெவ்வேறு நிறுவனங்களின் கப்பல்களில் நாங்கள் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டோம். எல்லா இரவுக்கும் வீட்டிலேயே நேரம் குறித்துக்கொண்டு ஏறியதும் உண்டு, எதையும் தொடாமல் ஏறி மாலையானதும் யோசித்துக்கொண்டதும் உண்டு. எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் ஒரு பயணத்தின் எல்லா இரவுகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில இரவுகளுக்கு முன்பதிவு இல்லாமல் முடியாது. வேறு சில இரவுகளுக்கு அதுவே காலில் கட்டிய கல்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கப்பலில் டிக்கெட் பணத்திலேயே அடங்கிய பெரிய டைனிங் ரூம் ஒன்று இருக்கும். கூடுதல் கட்டணம் வாங்கும் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டுகள், அதாவது ஸ்டேக், இத்தாலியன், சுஷி, டெப்பன்யாகி (கண்ணெதிரே சூடான தட்டையில் சமைத்துத் தரும் ஜப்பானிய முறை) மாதிரியானவை, தனி. பஃபே எப்போதும் போல மேல்தளத்தில். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, டைனிங் ரூமில் இடம் கிடைக்காமல் பட்டினி கிடக்க நேருமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி நடக்காது. காத்திருக்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

டைனிங் ரூமிலேயே இரண்டு முறைகள் உண்டு. பழைய முறையில் இரண்டு பந்திகள்: முதல் பந்தி மாலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில், இரண்டாவது எட்டு மணிக்குப் பக்கத்தில். பயணம் முழுக்க அதே நேரம், அதே மேஜை, அதே வெயிட்டர். இன்னொன்று, திறந்திருக்கும் நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பது. நார்வீஜியன் நிறுவனம் 2000-இல் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று பெயர் வைத்து இந்த இரண்டாவது முறையைப் பெரிதாக விளம்பரப்படுத்தியது. இன்றைக்குப் பல நிறுவனங்கள் ஏதோ ஒரு பெயரில் இதைக் கொடுக்கின்றன, கூடவே பழைய பந்தி முறையையும் வைத்திருக்கின்றன.

என் தனிப்பட்ட கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பந்தி முறையை இப்போது பலர் பழசு என்று ஒதுக்குவது நியாயமில்லை. டிக்கெட் எடுக்கும்போதே ஒரே தடவை தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்தது, அதன் பிறகு ஆப்பைத் திறக்கவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் வெயிட்டருக்கு நம் பழக்கம் பிடிபட்டுவிடும். உட்காரும்போதே ஐஸ் இல்லாத தண்ணீர் வந்திருக்கும், காரம் கூட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது பெரிய விஷயம். ஒவ்வாமையைக் கப்பல் கிளம்பச் சில வாரங்கள் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தினசரி நடப்பது வேறு. ஹெட் வெயிட்டர் மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டுவார், நாம் சொன்னபடி சமையலறையில் மாற்றிச் செய்யச் சொல்லுவார். தினமும் வேறு வேறு மேஜையில் உட்கார்ந்தால் இந்தக் கதையை ஒவ்வொரு இரவும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

முதல் பந்தியா இரண்டாவதா என்றால் நான் இரண்டாவதுதான். முதல் பந்தியில் அடுத்த கூட்டத்துக்கு மேஜையைத் தயார் செய்யும் அவசரம் கொஞ்சம் தெரியும். இரண்டாவதில் நம்மை யாரும் கிளப்ப மாட்டார்கள். சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் யோசிக்காமல் முதல் பந்தியை எடுத்துக்கொள்ளலாம்.

நினைத்த நேரத்துக்குப் போகும் முறையில் எல்லாரும் நினைக்கிற நேரம் ஒன்றாகவே இருக்கும், அதுதான் அதில் உள்ள சிக்கல். ஆறரை முதல் ஏழரை வரை வாசலில் வரிசை. ஆறுக்கு முன்போ எட்டுக்குப் பின்போ போனால் நேராக உள்ளே போகலாம். இரண்டு பேர் மட்டும் உட்காரும் மேஜைகள் குறைவு, அதனால் தம்பதிகள்தான் அதிகம் காத்திருக்கிறார்கள். வேறு ஆட்களோடு சேர்ந்து உட்காரச் சம்மதம் என்று சொன்னால் உடனே இடம் கிடைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கார்னிவல் போன்ற நிறுவனங்களில் ஆப்பிலேயே வரிசையில் பெயர் போட்டுவிட்டு, மேஜை தயார் என்று செய்தி வரும்வரை கேபினிலோ மேல்தளத்திலோ இருக்கலாம். இது வந்தபிறகு காத்திருப்பது அவ்வளவு எரிச்சலாக இல்லை.

இதே முறையில் தினமும் ஏழு மணிக்கு, அதே வெயிட்டரின் மேஜையில் என்று ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்துவைப்பவர்களும் உண்டு. என் கணவர் அந்தக் கட்சி. பந்தி முறையையே நிறையப் பொத்தான்களை அழுத்தி வாங்குகிற மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

எல்லாவற்றையும் முன்பதிவில் தள்ளினால் என்ன ஆகும் என்பதற்குக் கப்பல் உலகத்திலேயே உதாரணம் உண்டு. ராயல் கரீபியன் 2014-இல் ‘குவாண்டம் ஆஃப் த சீஸ்’ கப்பலை இறக்கியபோது ஒரே பெரிய டைனிங் ரூமுக்குப் பதிலாகப் பல தனித்தனி உணவகங்களை வைத்து, அதற்கு ‘டைனமிக் டைனிங்’ என்று பெயர் கொடுத்தது. காகிதத்தில் பார்த்தால் பிரமாதம். நடைமுறையில், ஒவ்வொரு இரவுக்கும் எங்கே, எத்தனை மணிக்கு என்று விடுமுறைக்கு வந்தவர்கள் அட்டவணை போட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பிறகு நிறுவனமே அதைக் கைவிட்டது. டிஸ்னி கப்பல்களில் இதே ஆசையை வேறு விதமாகத் தீர்த்துவைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு இரவும் வேறு உணவகம், ஆனால் எந்த இரவு எது என்பதை அவர்களே ஒதுக்கிவிடுவார்கள், வெயிட்டரும் நம்மோடு கூடவே வருவார். விர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் பெரிய டைனிங் ரூமும் இல்லை, வழக்கமான பஃபேயும் இல்லை, எல்லாமே தனித்தனி உணவகங்கள், கட்டணமும் டிக்கெட்டிலேயே அடக்கம். அங்கே போகிறவர்கள் பதிவு திறந்ததும் செய்துவிடுவதுதான் நல்லது, நான் கீழே சொல்லும் பல விஷயங்கள் அங்கே பொருந்தாது.

சரி, பணம் கொடுத்துச் சாப்பிடும் இடங்களுக்கு வருவோம். முன்பதிவா, அன்றைக்கா என்ற கேள்வி உண்மையில் கடிப்பது இங்கேதான்.

துறைமுக நாட்களின் இரவுக்கு நான் வீட்டிலிருந்து எதையும் பதிவு செய்வதில்லை. கப்பல் ஆறு மணிக்குக் கிளம்பும் என்றால் ஐந்தரைக்குள் ஏறிவிட வேண்டும், அது காகிதத்தில் இருக்கும் கணக்கு. கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாமல் கடலில் நங்கூரமிட்டிருந்தால் சின்னப் படகில் திரும்ப வேண்டும், அந்தப் படகுக்கு ஒரு மணி நேர வரிசை சாதாரணம். வெயிலில் நடந்து, உப்பும் மணலும் ஒட்டிக்கொண்டு வந்து, குளித்து, உடை மாற்றி ஆறரைக்கு ஸ்டேக் ஹவுஸில் போய் உட்காருவது சாப்பாடாகத் தெரியாது, வேலையாகத்தான் தெரியும். அன்றைக்கு உடம்பு கேட்பது பெரும்பாலும் ஒரு சூப்பும் தூக்கமும். பல இடங்களில் வராவிட்டாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ கட்டணம் பிடிப்பார்கள். 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது பரவலான விதி. நேற்று இதே நேரம் நமக்குக் களைப்பே தெரிந்திருக்காது, பிறகு எப்படிச் சொல்வது?

அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்குத் துறைமுக நாள்தான் நல்ல நாள். பலர் கரையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள், பலர் களைத்துப் போயிருப்பார்கள், அதனால் இடம் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: காற்று பலமாக அடித்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிடலாம். அந்த அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்த கொஞ்ச நேரத்தில் அன்றைய இரவு இடங்கள் எல்லாம் போய்விடும். எல்லாரும் கப்பலிலேயே, செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. அந்த மாதிரி நாளில் நாங்கள் காலை உணவு முடிவதற்குள் ஆப்பைத் திறந்துவிடுவோம்.

கடலிலேயே கழியும் நாட்களின் இரவுகள் நேரெதிர். எல்லாருக்கும் பசி, எல்லாருக்கும் நேரம், எல்லாருக்கும் ஒரே யோசனை. ஸ்பெஷாலிட்டி இடம் வேண்டுமென்றால் இந்த இரவுகளுக்குத்தான் முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும். ஆனால் ஒன்று, கோட்டும் பட்டுமாக உடுத்திக்கொண்டு வரும் ‘ஃபார்மல்’ இரவு பெரும்பாலும் கடல் நாளில்தான் வரும், லாப்ஸ்டர் (சிங்கி இறால்) மாதிரி டைனிங் ரூமின் சிறந்த மெனுவையும் பல கப்பல்களில் அன்றைக்குத்தான் இறக்குவார்கள். லாப்ஸ்டர் பிரியர்கள் அந்த இரவில் வேறு இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு, மறுநாள் பக்கத்து மேஜைக்காரர் சொல்லக் கேட்டு வயிறெரிவதைக் கண்டிருக்கிறேன். எந்த இரவு ஃபார்மல் என்பது ஏறும் முன்பே தெரியும் என்றால் அதைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

முதல் இரவு யாரும் கவனிக்காத நல்ல இரவு. புதிதாக ஏறியவர்கள் வழி தேடிக்கொண்டிருப்பார்கள், ஸ்பெஷாலிட்டி இடங்கள் காற்றாடும், வாசலில் மேஜை போட்டுத் தள்ளுபடியும் கொடுப்பார்கள். பெட்டி கேபினுக்கு வந்து சேர நேரமாகலாம் என்பதால் இரவுக்குப் போட ஒரு சட்டையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விலையைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் கப்பலில் வாங்குவதைவிடக் குறைவு. அந்த விலையும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கினால் ரத்து செய்துவிட்டுத் திரும்ப வாங்குவதைப் பல நிறுவனங்கள் கிளம்பும் முன்பு வரை அனுமதிக்கின்றன. காட்டும் விலைக்கு மேல் சேவைக் கட்டணமாக 18 முதல் 20 சதவீதம் வரை சேரலாம், அதையும் கூட்டிப் பாருங்கள். பல இரவுகளுக்குச் சேர்த்து விற்கும் டைனிங் பேக்கேஜில்தான் எனக்கு மனத்தாங்கல். ஒரு கப்பலில் மாதங்களுக்கு முன்பே பணம் கட்டி வாங்கியிருந்தோம், ஆனால் நேரத்தை ஏறிய பிறகுதான் குறிக்க முடியும் என்றார்கள். ஏறியதும் நேராக அங்கே போனால், மிச்சமிருந்தது ஐந்தே காலும் ஒன்பதரையும்தான். பணம் முன்பதிவு, இடம் அன்றைக்கு! இரண்டின் கெட்ட பக்கமும் ஒரே ரசீதில். இப்போதெல்லாம் பேக்கேஜ் வாங்கும் முன் நேரத்தையும் இப்போதே குறிக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறோம்.

எந்த நாளாக இருந்தாலும் முன்பதிவு செய்தே ஆக வேண்டியவை சில. செஃப்ஸ் டேபிள், அதாவது தலைமைச் சமையல்காரர் நடத்தும் சிறப்பு விருந்து, பயணம் முழுவதிலும் ஓரிரு தடவைதான் நடக்கும், கொஞ்சம் பேருக்குத்தான் இடம். டெப்பன்யாகியில் எல்லாரும் அடுப்பைச் சுற்றி ஒன்றாக உட்கார்ந்து ஒன்றாகத் தொடங்குவார்கள், நடுவில் போய்ச் சேர முடியாது. ஆறு எட்டுப் பேராகப் போகும் குடும்பத்துக்கு எங்கேயுமே அன்றைக்கு அன்றைக்கு இடம் கேட்பது நடக்காத காரியம். தாத்தா பாட்டியை நிற்க வைத்துக்கொண்டு வாசலில் பேரம் பேச வேண்டியிருக்கும்.

இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பதிவு செய்தவர்கள் வராவிட்டால் கால் மணி நேரம் போல பார்த்துவிட்டு மேஜையை விட்டுவிடுவார்கள். எட்டரைக்கு மேல் வாசலில் போய், “இன்றைக்கு இடம் இருக்கிறதா?” என்று கேட்பதற்குப் பதிலாக, “எத்தனை மணிக்கு வந்தால் இடம் இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆப்பில் ‘இடமில்லை’ என்று காட்டிய இரவிலும் எங்களுக்கு இப்படிக் கிடைத்திருக்கிறது.

பதிவு செய்யும்போது இரவு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்பெஷாலிட்டி சாப்பாடு நிதானமாக நடக்கும், இரண்டு மணி நேரம் ஓடிவிடும். ஆறரைக்கு உட்கார்ந்துவிட்டு எட்டு மணி ஷோவுக்குப் போக நினைத்தால் இனிப்பை விட்டுவிட்டு ஓட வேண்டும். இன்னொரு தொல்லை கடிகாரம். கப்பல் தன் நேரத்தை வைத்து நடக்கும், கைபேசி கரையின் டவரைப் பிடித்துத் தானாக ஒரு மணி நேரம் மாறிக்கொள்ளும். ஆப் சொன்ன ஏழு மணியும் கைபேசி காட்டும் ஏழு மணியும் வேறாகிவிடும். கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று போதும்.

கடல் கொந்தளிக்கும் என்று தெரிந்த இரவுகளில் கப்பலின் பின்கோடியில், உயரமான தளத்தில் இருக்கும் உணவகத்தை விட்டுவிடுங்கள். காட்சி நன்றாக இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கும் இடம் மேல்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். டைனிங் ரூமுக்கு இரண்டாவது பந்தி. ஃபார்மல் அல்லாத கடல் நாள் இரவு ஒன்றுக்கு மட்டும் வீட்டிலிருந்தே ஸ்பெஷாலிட்டி இடம். முதல் இரவுத் தள்ளுபடி கிடைத்தால் அதுவும். மற்றது எல்லாம் அன்றைய மனநிலை. கடைசி இரவுக்கு எந்த ஆசையும் வைத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் பத்து, பதினொரு மணிக்குள் மறுநாள் கரையில் இறக்குவதற்காகப் பெட்டியைப் பூட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அன்றைக்கு பஃபேதான், ஆள் நடமாட்டமும் குறைவாக இருக்கும். சாப்பிட்டு வந்து நிதானமாகப் பெட்டி கட்டலாம். மறுநாள் போட வேண்டிய செருப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நடைபாதையில் தேடுகிறவர்களுக்கு உதவவும் நேரம் இருக்கும்.