எங்கள் பட்டணத்துப் பொது நூலகம்: சேவைக்கு நிறைந்த மதிப்பெண், தமிழ் அலமாரிக்குப் பாதி

மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த எங்கள் சிறு பட்டணத்தின் பொது நூலகத்தை, புத்தகம் இரவல் வாங்கும் இடம் என்று மட்டும் கருதி மதிப்பிட்டால் அது தேறாது. ஆனால் அங்கே நாள்தோறும் நடப்பதைப் பார்த்தவர்கள், இந்த வட்டாரத்தில் மக்களுக்கு மிக அதிகமாகப் பயன்படும் பொதுக் கட்டடம் அதுதான் என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் குடியிருந்த காலத்தில் கடிதம் வாசிக்கவும் படிவம் நிரப்பவும் மக்கள் தோட்டத்து எழுத்தரான கிராணியையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ நாடினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, குடும்பங்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் சிதறிய பிறகு அந்த உதவி அற்றுப்போனது. பிற்பாடு சேமநிதிக் கணக்கு, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் செய்யும் கோரிக்கை, 2023 முதல் எஸ்.டி.ஆர். என்று வழங்கும் அரசின் ரஹ்மா ரொக்க உதவி எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டன. கைப்பேசி வைத்திருந்தும் அதில் விண்ணப்பம் செய்யத் தெரியாத முதியவர்களுக்கு இப்போது நூலகத்தின் கணினி மூலைதான் கதி. அங்கே பணிபுரியும் இளம்பெண் ஒருவர், ரப்பர் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவருக்குச் சேமநிதிக் கணக்கைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “தாத்தா, இதை நீங்களே தட்டுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என்கிட்டயும்தான்” என்றார். கட்டணம் வாங்கிக்கொண்டு இதே வேலையைச் செய்யும் கடைகளில் இந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

படிப்பு மேசைகளைப் பற்றியும் நல்லதையே சொல்ல வேண்டும். 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்ட பிறகு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் கூட்டம் குறைந்துவிட்டது. இப்போது மேசைகளைப் பிடித்திருப்பவர்கள் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் மாணவர்கள். ஒரே அறையில் தம்பி தங்கைகளோடு படுத்து எழுந்து படிக்கும் பிள்ளைக்குக் குளிர்சாதனமும் வெளிச்சமும் உள்ள ஒரு மேசை எவ்வளவு பெரிய வசதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

குறை தமிழ் அலமாரியில் இருக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சக் குறையல்ல. நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811, அந்த எண் ஒட்டிய நூல் முதுகுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் தமிழகத்துக் குடும்ப நாவல்களே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. இந்த மண்ணில் எழுதப்பட்டவை, அதாவது தோட்டத்து வாழ்க்கையை உள்ளிருந்து சொன்ன சிறுகதைகளும் நாவல்களும், தேடித்தான் கிடைக்கின்றன. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடம் எடுக்கும் மாணவர்கள் தங்கள் பாடநூலைக் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இருக்கும் நூலையும் கணினியில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருப்பதால், ‘சிறுகதை’ என்பதை நாம் ‘எஸ்’ (S) போட்டுத் தேட, அட்டவணை அதை ‘சி’ (C) என்ற ஆங்கில எழுத்தின் கீழ் வைத்திருக்கிறது. நூலகர் நல்லவர், உதவக்கூடியவர், ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாதவர். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. தமிழ் நூல்களைத் தேர்ந்தெடுத்து வாங்கும்போது உள்ளூர் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

நாளிதழ் பகுதி பரவாயில்லை. 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோன பிறகும் ‘மலேசிய நண்பன்’, ‘மக்கள் ஓசை’ இரண்டும் தட்டில் இருக்கின்றன. காலையில் அவற்றை எடுக்கப் பெரியவர்களிடையே செல்லச் சண்டையே நடக்கும். இந்தக் கூட்டம் முன்பு தோட்டத்துப் படிப்பகத்தில் கூடிய கூட்டம்தான். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொல்லி முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. படிப்பகத்துக்கு அத்தகைய பலம் கிடையாது. தொழிலாளர்களே சந்தா போட்டு, கோயில் பக்கத்திலோ ஒரு காலி வீட்டிலோ நடத்தினார்கள். அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே பத்திரிகையை வாசித்துவிட்டுச் சும்மா போவதில்லை, வாசித்ததை விவாதிக்கிறார்கள், அதுவும் சற்று உரக்கவே. “அமைதி காக்கவும்” என்ற பலகை சுவரில் தொங்குகிறது; பணியாளர்கள் காலை நேரத்தில் அதைக் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதே நல்லது என்பேன்.

முதன்முறை போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லவும், அது இருந்தால் உறுப்பினராவது எளிது. கணினி தேவைப்படுவோர் பள்ளி விடும் நேரத்துக்கு முன்பே போய்விடுவது நல்லது. தேர்வுக் காலத்தில் பிற்பகலில் மேசையே கிடைக்காது. தமிழ் நூல் வேண்டுமென்றால் கணினியை நம்பாமல் நேரே அலமாரிக்குப் போய்த் தேடுங்கள். கிடைக்காத தலைப்பை முகப்பில் உள்ள பரிந்துரைப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், ஏனெனில் தமிழில் யாரும் கேட்பதில்லை என்று சொல்வதற்கு இடமளிப்பது நாம்தான்.