ஸ்டோரிகிராஃப் ஆப் – கதை பகிர்ந்து படிக்கிறவங்களுக்கு, ரெண்டு வருஷம் யூஸ் பண்ணதுக்கு அப்புறம் எழுதுறேன்

நானும் என் தம்பியும் ஒரே மர்ம நாவலை ஒரே நேரத்துல ஆரம்பிச்சோம், நான் வேகமா படிக்கிற ஆளு, அவன் ராத்திரி மட்டும் படிப்பான். புக்குல 62 சதவீதம் வந்தப்போ எனக்கு ஒரு விஷயம் பளிச்சுனு புரிஞ்சுது, உடனே யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும் போல இருந்துச்சு. ஸ்டோரிகிராஃப்ல 'பட்டி ரீட்' (Buddy Read)னு, சேர்ந்து ஒரே புக்கைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு, அதுல அந்த இடத்தைக் குறிச்சு என் சந்தேகத்தை எழுதி வச்சேன். அவன் அப்போ நாப்பது சதவீதத்துலதான் இருந்தான். அவன் பக்கம் என்ன தெரிஞ்சுதுன்னா, அக்கா 62ல ஏதோ எழுதி இருக்கா, ஆனா நீ அங்க வர்ற வரைக்கும் திறக்காதுன்னு ஒரு பூட்டு, அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மெசேஜ் வருது, "அக்கா பூட்டு திறந்துடுச்சு, ஆனா நீ சொல்ற ஆள் இல்ல, எனக்கு வேற ஒருத்தர் மேல டவுட்டு"ன்னு.

இந்த ஒரு வசதிக்காகவே இந்த ரிவ்யூ எழுதலாம்னு தோணுச்சு.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். படிச்ச புக்கு, படிக்கிற புக்கு, படிக்கப் போற புக்கு எல்லாத்தையும் கணக்கு வச்சுக்குற ஆப் இது, வெப்சைட்டாவும் இருக்கு. நாடியா ஒடுனாயோன்னு ஒரு புரோகிராமர் 2019ல ஆரம்பிச்சது, ரொம்ப வருஷம் கோடிங் முழுக்க அவங்க ஒருத்தரே பாத்துக்கிட்டாங்க. ஃப்ரீயாவே யூஸ் பண்ணலாம், காசு கட்டுற பிளான் தனியா இருக்கு, எனக்கு இதுவரைக்கும் அது தேவைப்படல. ஏற்கனவே குட்ரீட்ஸ்ங்கிற இதே மாதிரி சைட்ல லிஸ்ட் வச்சிருக்கீங்கன்னா அங்கேர்ந்து ஒரு ஃபைலா டவுன்லோட் பண்ணி இங்க ஏத்திக்கலாம், புக்கு ஒண்ணொண்ணா டைப் பண்ண வேண்டியதில்ல.

சரி, நான் ஏன் இதுக்கு மாறினேன்? வெறும் ஸ்டார் மார்க் பத்தாதுன்னு தோணினதாலதான். இங்க கால் ஸ்டார் வரைக்கும் குடுக்கலாம், மூணே முக்கால், நாலே காலுன்னு, அது நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. ஜானர் கதை, அதாவது மர்மம், ஹாரர், ரொமான்ஸ்னு ஒரு வகைக்குள்ள வர்ற கதை, படிக்கிறவங்களுக்கு ஸ்டார் பெருசா எதுவுமே சொல்லாதுங்கிறது என் அபிப்பிராயம். ஒரு மர்ம நாவலுக்கு நாலு ஸ்டார்னா என்ன அர்த்தம்? சின்ன ஊர்ல ஒரு வயசான அம்மா பூச்செடிக்கு தண்ணி ஊத்திக்கிட்டே கொலையைக் கண்டுபிடிக்கிற கதைக்கும் நாலு ஸ்டார், மழை நனைஞ்ச தெருவுல குடிச்சு நொந்து போன டிடெக்டிவ் யாரையும் நம்பாம அலையுற கதைக்கும் நாலு ஸ்டார், ரெண்டையும் கடையில ஒரே அலமாரியிலதான் வச்சிருப்பாங்க. முதல் கதையைத் தேடுறவங்க கையில ரெண்டாவதைக் குடுத்தா அன்னிக்கு அவங்களுக்குத் தூக்கம் போச்சு.

இங்க புக்கைப் படிச்சு முடிச்சதும் இந்தக் கதையோட மூட் என்னன்னு கேக்கும். இருட்டா, பதட்டமா, மர்மமா, லேசா சிரிக்க வைக்குதா, நம்பிக்கை குடுக்குதா, சோகமான்னு ஒரு பட்டியல் இருக்கும், எத்தனை வேணா டிக் பண்ணலாம். அப்புறம் வேகம் கேக்கும், மெதுவா, நடுத்தரமா, ஸ்பீடான்னு. கதையை இழுத்துட்டுப் போறது சம்பவமா கேரக்டரா, கேரக்டர்களைப் பிடிச்சுதா, அவங்க குறைகளைச் சுத்தியே கதை போகுதான்னும் கேக்கும். படிச்சவங்க சொன்ன பதில் எல்லாம் சேர்ந்து அந்தப் புக்கோட பக்கத்துல சதவீதமா நிக்கும். நான் முதல்ல இதெல்லாம் எதுக்குன்னு நினைச்சேன், இப்போ ஒரு புக்கைப் பத்தி யார் கேட்டாலும் ஸ்டாரை பாக்குறதே இல்ல, நேரா அங்கதான் போறேன்.

ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, தூங்குறதுக்கு முன்னாடி புதிர் மாதிரி ஒரு கதை வேணும், ஆனா ரத்தம் வேணாம், குழந்தைக்கு எதுவும் ஆகக்கூடாதுன்னு சொல்லுவாங்க. முன்னாடி எல்லாம் எனக்குப் பிடிச்சதையே எடுத்துக் குடுத்துடுவேன், அவங்களும் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சும்மா"ன்னு திருப்பிக் குடுப்பாங்க, புக்கு நடுவுல புக்மார்க் அப்படியே நிக்கும். இப்போ மர்மம், லேசான மனநிலை, நடுத்தர வேகம்னு மூணையும் போட்டுத் தேடி அதுலேர்ந்து ரெண்டு எடுத்துக் குடுத்தேன். ரெண்டையும் முடிச்சுட்டு மூணாவதை அவங்களே வாங்கிட்டு வந்துட்டாங்க.

பிடிச்ச எழுத்தாளரை இன்னொருத்தருக்குக் குடுக்குறது எவ்வளவு கவனமா செய்ய வேண்டிய வேலைன்னு எனக்கு ஒரு தடவை நல்லா புரிஞ்சுது. என் ஃபிரண்டுக்கு அகதா கிறிஸ்டியை அறிமுகப்படுத்தணும்னு லைப்ரரியில கைக்குக் கிடைச்ச ஒண்ணை எடுத்துக் குடுத்தேன், அட்டையில பெரிய எழுத்துல அவங்க பேரு, நானும் உள்ள பாக்கல. அது அவங்க மேரி வெஸ்ட்மகாட்னு புனைபேர்ல எழுதின நாவல். அந்தப் பேர்ல 1930லேர்ந்து 1956 வரைக்கும் ஆறு நாவல் எழுதி இருக்காங்க, எல்லாமே மனுஷங்க மனசைப் பத்தினது, டிடெக்டிவ் கதையே கிடையாது. என் ஃபிரண்டு பாவம் எப்போ கொலை விழும் எப்போ விழும்னு கடைசிப் பக்கம் வரைக்கும் காத்துட்டு இருந்திருக்கா. நல்ல புக்குதான், ஆனா அவகிட்ட நான் சொல்லி வச்ச வாக்குறுதி வேற. ஜானர்னு சொல்றதே ஒரு வாக்குறுதிதானே, நீ எதை நம்பி உள்ள வர்றியோ அது இங்க கிடைக்கும்னு. எழுத்தாளர் பேரை மட்டும் சொல்லி நிறுத்திட்டா அந்த வாக்குறுதியைப் பாதிதான் சொன்ன மாதிரி. அந்த நாவலுக்கு மூட் பட்டியலை அன்னிக்கே பாத்திருந்தா இது மர்மம் இல்லன்னு ஒரு செகண்டுல தெரிஞ்சிருக்கும்.

அதே மாதிரி எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுங்கிற கேள்வி. பெரிய சீரிஸ் படிக்கிறவங்க எல்லாருக்கும் இது தெரியும். டெர்ரி பிராட்செட் எழுதின டிஸ்க்வேர்ல்ட்ங்கிற ஃபேன்டஸி சீரிஸ்ல 41 நாவல், முதல் நாவல் 1983ல வந்தது, கடைசி 2015ல. ஆப்ல சீரிஸ் பக்கத்துக்குப் போனா ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா அடுக்கிக் காட்டும், அதுவரைக்கும் சரி. ஆனா அந்த சீரிஸை ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்க வேண்டிய அவசியமே இல்ல, அதுக்குள்ளயே காவல்காரங்க கதை தனி, சூனியக்காரிங்க கதை தனி, மரணம்னே ஒரு கேரக்டர் அதோட கதை தனின்னு பிரிஞ்சு பிரிஞ்சு போகும். என் தம்பிக்கு நான் காவல்காரங்க வரிசையைத்தான் குடுத்தேன், ஏன்னா அவன் ஏற்கனவே போலீஸ் கதை படிக்கிறவன், அந்த வழியா ஃபேன்டஸிக்குள்ள வந்துடுவான்னு எனக்குத் தெரியும். இது எந்த ஆப்பும் சொல்லாது. ஷெர்லக் ஹோம்ஸுக்கும் அதே கதைதான், நாலு நாவல் 56 சிறுகதை, வரிசைப்படி போனா முதல்ல நாவல்தான் வரும், ஆனா புதுசா வர்றவங்களுக்கு நான் எப்பவும் சிறுகதையைத்தான் குடுப்பேன், ஒரே மூச்சுல ஒரு புதிர் முடிஞ்சுடும், அந்த ருசி பிடிச்சுட்டா நாவலுக்கு அவங்களே போய்டுவாங்க. அதனால ஆப்போட பரிந்துரை லிஸ்ட்டை மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க. நீங்க படிச்சதுக்கு ஒத்த மாதிரி இன்னொண்ணைக் காட்டுறதுல அது கெட்டி, ஆனா போலீஸ் கதை படிக்கிறவனை டிராகன் இருக்குற ஊருக்குள்ள கூட்டிட்டுப் போறதுக்கு அவனைத் தெரிஞ்ச ஒரு ஆள்தான் வேணும்.

இப்போ மறுபடி அந்தப் பூட்டுக்கு வர்றேன். முன்னாடி வேற ஒரு இடத்துல புக்கு ரிவ்யூ பாத்துட்டு இருந்தப்போ முதல் வரியிலயே கொலைகாரன் யாருன்னு ஒருத்தர் எழுதி வச்சிருந்தாரு, ஸ்பாய்லர்னு ஒரு வார்த்தை கூட இல்ல. பாதி புக்குல இருந்தேன். மூடி வச்சுட்டேன், இன்னும் திறக்கல. மர்மம் படிக்கிறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நஷ்டம்னு வெளியில இருக்கவங்களுக்கு விளங்க வைக்கிறது கஷ்டம். ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரே டிடெக்டிவ் கதை எழுதினவர், 1929ல இந்த மாதிரி கதைக்குப் பத்து விதி எழுதி வச்சாரு. அதுல ஒண்ணு, துப்பறியுறவர் கண்ணுல படுற தடயம் எல்லாத்தையும் வாசகருக்கும் உடனே காட்டிடணும்ங்கிறது. அதாவது இது எழுதுறவருக்கும் படிக்கிறவருக்கும் நடக்குற ஆட்டம், ரெண்டு பேர் கையிலயும் ஒரே சீட்டு. அந்த ஆட்டத்துல நடுவுல ஒருத்தர் வந்து விடையைச் சொல்லிட்டா அப்புறம் விளையாட எதுவுமே இல்ல.

நாங்க இப்போ நாலு பேரு சேர்ந்து படிக்கிறோம். எங்களுக்குள்ள ஒரு ரூல் வச்சிருக்கோம், சரியா அம்பது சதவீதத்துல ஒவ்வொருத்தரும் யார் மேல சந்தேகம், ஏன் சந்தேகம்னு எழுதி வச்சுடணும். யாரு முன்னாடி வந்தாலும் பின்னாடி வர்றவங்களுக்கு அது தெரியாது, சீல் வச்ச கவர் மாதிரி அப்படியே இருக்கும். எல்லாரும் அம்பதைத் தாண்டினதும் நாலு கவரும் திறந்துடும், அன்னிக்கு நடக்குற சண்டை இருக்கே, எனக்கு வாரத்துலயே பிடிச்ச நேரம் அதுதான். ஆபீஸ் அக்கா இதுவரைக்கும் ரெண்டு தடவை சரியாச் சொல்லி இருக்காங்க, ரெண்டு தடவையும் காரணம் ஒண்ணுதான், "அவன் அந்த வீட்டுக்கு வந்ததும் ஒரு வாய் தண்ணி கூட கேக்கல, அப்போவே நினைச்சேன்"னு. நாங்க டைம்டேபிள் போட்டு யார் எத்தனை மணிக்கு எங்க இருந்தாங்கன்னு கணக்கு பண்ணிட்டு இருப்போம், அவங்க மனுஷனைப் பாத்துட்டு இருப்பாங்க.

காதல் கதைக்கு இந்தப் பூட்டு அவ்வளவா தேவை இல்லங்கிறதும் கவனிச்சேன். அந்த ஃபிரண்டு, வெஸ்ட்மகாட் வாங்கிட்டுப் போனவ, அவ முக்கியமா படிக்கிறது ரொமான்ஸ். அதை யாராவது ஒரு மாதிரி பாத்தா எனக்குக் கோவம் வரும், அவ அளவுக்கு வசனத்தைக் கவனிச்சுப் படிக்கிற ஆளை நான் பாத்ததில்ல. ரொமான்ஸ்ல கடைசியில ரெண்டு பேரும் சேருவாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரியும், தெரிஞ்சேதான் படிக்கணும், நல்ல முடிவுங்கிறதுதான் அந்த ஜானரோட வாக்குறுதியே. எப்படிச் சேருறாங்க, எந்த வரியில மனசு மாறுதுங்கிறதுதான் அங்க விஷயம். அதனால அவளும் நானும் ரொமான்ஸ் படிக்கும்போது நோட்ஸ் எல்லாம் வசனத்தைப் பத்தித்தான் இருக்கும், "இந்த இடத்துல அவன் பேரைச் சொல்லி கூப்பிட்டான் பாத்தியா"ன்னு. பூட்டு திறக்குறது அங்கயும் ஒரு சந்தோஷம்தான், ஆனா அது வேற மாதிரி, நாம நின்ன இடத்துலயே இவளும் நின்னிருக்கான்னு தெரியுற சந்தோஷம்.

கன்டென்ட் வார்னிங் இருக்கு, அதாவது மனசைக் கஷ்டப்படுத்துற விஷயம் கதையில என்னென்ன வருதுன்னு முன்கூட்டியே சொல்ற எச்சரிக்கை, படிச்சவங்களே போடுறது, எவ்வளவு தீவிரமா வருதுன்னு மூணு அளவுல பிரிச்சிருக்கும். ஹாரர் பகிர்றவங்க இதைக் கட்டாயம் பாத்துட்டுக் குடுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்களால பேய், ரத்தம் எல்லாம் படிக்க முடியும், நாய்க்கு ஏதாவது ஆனா மட்டும் தாங்க மாட்டாங்க, அவங்களுக்கு இது பெரிய உதவி. மர்ம நாவலுக்கு மட்டும் நான் எனக்காக அதைப் பாக்குறதில்ல, அந்தப் பட்டியலே சில சமயம் துப்பு குடுத்துடும்.

குறைன்னு பாத்தா, மூட் பட்டியல் ஃபிக்ஸ்டு, நம்ம இஷ்டத்துக்கு அதுல ஒண்ணு சேர்க்க முடியாது. ஹாரர்ல முதல் நூறு பக்கம் ஒண்ணுமே நடக்காது, ஆனா வீட்டுக்குள்ள ஏதோ சரி இல்லன்னு முதுகுல ஏறிட்டே வரும் பாருங்க, அதை 'பதட்டம்'னு போட்டா வேகமான த்ரில்லரோட சேர்ந்துடும், 'இருட்டு'ன்னு போட்டா சோகக் கதையோட சேர்ந்துடும். அதை ரிவ்யூவுல எழுதித்தான் புரிய வைக்கணும். அதிகம் பேர் படிக்காத புக்குன்னா மூட் சதவீதத்தை நம்பாதீங்க, மூணு பேர் சொன்னதை வச்சு வந்த நம்பரா இருக்கும். அரட்டை அடிக்கிறதுக்கு இது சரியான இடம் இல்ல, நாங்க அதுக்கு தனியா ஒரு குரூப் வச்சிருக்கோம், பூட்டு திறந்ததும் பேச்சு அங்க போய்டும்.

சேர்ந்து படிக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பக்க நம்பரை விட சதவீதத்தை வச்சுக்கோங்க, ஒருத்தர் கையில பேப்பர்பேக், ஒருத்தர் போன்ல, பக்கம் ஒத்துப் போகாது. முதல் தடவை சீரிஸ் எடுக்காதீங்க, தனியா நிக்கிற ஒரு முன்னூறு பக்கக் கதையா பாத்து எடுங்க. நாங்க முதல்ல எடுத்தது எட்நூறு பக்க ஃபேன்டஸி, உள்ள மேப் மட்டும் மூணு இருந்துச்சு, ரெண்டு பேரு அம்பதுக்கு வரவே இல்ல, அவங்களுக்காக எழுதி வச்ச நோட்டு ரெண்டு இன்னும் பூட்டியேதான் கிடக்கு.